பழைய காரில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை: ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

லாஸ்பேட்டைவாசி (கேள்வி)

வணக்கம். என் தந்தை 2004ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் காரை இப்போது நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் (கணினிப் பெட்டி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை), இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டாவது முறையாக மறுபதிவும் செய்துவிட்டேன் என்பதால் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

மூன்று மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஊற்றுவேன். முதலில் ஒரு டம்ளர் அளவில் பிடித்தது, இப்போது வாரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் பிடிக்கிறது. தொடக்கத்தில் கூலன்ட் வாங்கி ஊற்றினேன். பிறகு, எப்படியும் எங்கோ போகப்போகிறது என்று வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வருகிறேன். இரவில் வண்டிக்குக் கீழே செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். காலையில் தாள் காய்ந்தபடியேதான் இருந்தது. ஏ.சி. போட்டு நிறுத்தினால் மட்டும் முன்பக்கம் இடப்புறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. அது கூலன்டா, ஏ.சி. தண்ணீரா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் மாலை நேர நெரிசலில் முருங்கப்பாக்கம் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் முக்கால் பங்குக்கு ஏறியது. ஏ.சி.யை அணைத்து, நெரிசலைத் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

மூன்று பட்டறைகளில் காட்டினேன். முதலாமவர் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்யவேண்டும், அதாவது அதன் பரப்பை மட்டமாகச் செதுக்கவேண்டும் என்றார். இரண்டாமவர் தெர்மோஸ்டாட்டை (தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வை) கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் ஓட்டையை அடைக்கும் மருந்து ஒரு பாட்டில் ஊற்றச் சொன்னார். மூவரில் ஒருவரும் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. எண்ணெய்க் குச்சியை நானே இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் கறுத்திருக்கிறதே தவிர, தண்ணீர் கலந்தால் ஆவதுபோல, பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வெளுக்கவில்லை. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் நான் சரிபார்த்துக்கொள்ளவேண்டியவை எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பட்டறை

ஹெட்டில் கை வைக்க வேண்டாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் ஊற்றுவது ரேடியேட்டரில் என்று எழுதியிருக்கிறீர்கள், பக்கத்தில் உள்ள ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் மட்டம் என்ன ஆகிறது? ரேடியேட்டர் அரை லிட்டர் குடிக்கும்போது பாட்டிலும் சேர்ந்து இறங்குகிறதா, அல்லது அது போட்ட கோட்டிலேயே நிற்கிறதா? பாதி நோயை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி போன்ற பழைய அமைப்பில் ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. என்ஜின் சூடாகித் தண்ணீர் விரியும்போது, மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டினால் பெரிய ஸ்பிரிங் வால்வு தூக்கிக்கொண்டு, மிகுதியைச் சிறு குழாய் வழியாகப் பாட்டிலுக்கு அனுப்பும். 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது அந்த அழுத்தத்தின் அளவுதான். வண்டியை நிறுத்தி, குளிர்ந்து, உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது நடுவில் உள்ள சின்ன வால்வு திறந்து, போன தண்ணீரை அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் கட்டிப்போனாலோ, சிறு குழாயில் வெடிப்பு விட்டிருந்தாலோ, போன தண்ணீர் திரும்பாது. அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே வரும். ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும், பாட்டில் மட்டும் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதே என்று நிம்மதியாக ஓட்டி என்ஜினைச் சாகடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; 0.9 பார் அழுத்தத்தில் அடைத்துவைத்தால் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. குக்கருக்கு வெயிட் எப்படியோ, ரேடியேட்டருக்கு மூடி அப்படி. முருங்கப்பாக்கத்தில் உங்கள் முள் ஏறியதற்குத் தண்ணீர் குறைவும், அழுத்தம் நிற்காததும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம். கூடவே, நிற்கும்போது ஃபேன் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும் என்பதால், ஃபேன் பழுதானால் அது நெரிசலில்தான் தெரியும்.

அடுத்து, செய்தித்தாள் ஏன் நனையவில்லை என்பது. நீங்கள் தேடிய நேரம் தவறு. கசிவு நடப்பது உள்ளே அழுத்தம் இருக்கும்போது, அதாவது ஓடும்போதும், நிறுத்திய முதல் கால் மணி நேரத்திலும். அப்போது விழும் துளி சூடான இரும்பின் மேல் பட்டு ஆவியாகிவிடும். காலையில் எல்லாம் குளிர்ந்து அழுத்தம் இறங்கியபின் சொட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்காது. ஆகவே ஈரத்தைத் தேடாதீர்கள், தடத்தைத் தேடுங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருக்கும். போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் துருவின் நிறமும் கலந்திருக்கும். ஹோஸ்களின் கிளிப் ஓரங்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, வாட்டர் பம்ப்பின் அடிப்புறம், என்ஜின் பிளாக்கில் வட்டத் தகடாக அடித்திருக்கும் வெல்ஷ் பிளக்குகள், ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்கள் ஆகிய எல்லா இடத்தையும் டார்ச் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குச் சின்னக் கண்ணாடி ஒன்றை நீட்டிப் பாருங்கள். முன் இருக்கையில் இடப்பக்கம் அமர்பவரின் கால்மிதியைத் தூக்கி அடியிலும் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் உள்ள சின்ன ரேடியேட்டர்) ஓட்டை. ஏ.சி. தண்ணீர் வெறும் தண்ணீர்தான், விரலில் வழுக்காது, மணம் இராது. நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் அது தாராளமாகவே சொட்டும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை ஹெட்டைக் கழற்றாமலேயே தீர்க்கலாம். குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ரேடியேட்டரை முழுதாக நிரப்பி, என்ஜினைக் கிளப்புங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்தில், தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன்பே, குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் சந்தேகப்படலாம். முன்பே சிக்கியிருந்த காற்று நாலைந்து குமிழிகளாக வெளியேறினால் பொருட்படுத்த வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள்: வண்டி இன்னும் சூடாகாத நிலையிலேயே அது கல் மாதிரி இறுகினால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ரேடியேட்டர் வாயில் பொருத்தும் நீல மருந்துச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறும். இவற்றில் ஒன்றும் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முள் நடுவில் நிற்கிறது என்பதை முழுதாக நம்ப வேண்டாம். சென்சார் தண்ணீருக்குள் முழுகியிருந்தால்தான் சரியான கணக்கைக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், என்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போதும் முள் சாதாரணமாக நிற்கலாம், சில வண்டிகளில் கீழேகூட இறங்கும். ஏறிய முள் திடீரென்று சரிந்தால் மகிழ்ச்சி அடையாமல் உடனே ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் என் வலக்கையில் அதன் தழும்பு இருக்கிறது.

நெல்லிக்குப்பம் சாலை

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. தெர்மோஸ்டாட் என்பது பனி பெய்யும் நாடுகளுக்காகச் செய்தது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? என் வண்டியில் கழற்றிப் பத்து ஆண்டு ஆகிறது, ஃபேனையும் சாவி போட்டதும் ஓடும்படி டைரக்ட் செய்துவிட்டேன், ஒரு நாளும் சூடானதில்லை. கசிவு சிறிதாக இருந்தால் இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டு ஓட்டுங்கள், அடைபட்டுவிடும். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

துறைமுகத் தெரு

மஞ்சள் தூளைப் பற்றி நான் சாட்சி சொல்லமுடியும். சிதம்பரத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டரில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை விழுந்தது. வழியில் ஒரு மளிகைக் கடையில் மஞ்சள் தூள் வாங்கிப் போட்டேன். உண்மையிலேயே நின்றது, கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) உள்ள வீடு வரை வந்து சேர்ந்தோம். ஆனால் நான் அத்துடன் விட்டுவிட்டதுதான் தவறு. ஆறு மாதம் கழித்துத் தெர்மோஸ்டாட் இருக்கும் உறையைத் திறந்தபோது சாம்பார் அடிப்பிடித்த பாத்திரம் போல இருந்தது. அகலமான ஓட்டையை விட ரேடியேட்டரின் உள்ளே உள்ள குறுகிய குழல்களைத்தான் அந்த வண்டல் முதலில் அடைக்கிறது. கடையில் விற்கும் அடைப்பு மருந்துக்கும் இந்தக் குறை உண்டு. நடுவழியில் வீடு வந்து சேர்வதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வந்ததும் ரேடியேட்டரைக் கழுவிவிடவேண்டும்.

இன்னொன்று. கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் ரேடியேட்டரின் முகத்தையும் பார்க்கவேண்டும். எங்கள் தெருவில் உப்புக்காற்று நேராக அடிக்கும். என் பழைய ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டபோது அப்பளம் நொறுங்குவதுபோல உதிர்ந்தன. ஓட்டை ஒன்றும் இல்லை, சொட்டும் இல்லை. ஆனால் குழல்களிலிருந்து வெப்பத்தை வெளியே கடத்துவதற்குத் தகடே இல்லாமல் போனதால் நெரிசலில் சூடாகிக்கொண்டிருந்தது.

பழைய பட்டறை

நெல்லிக்குப்பம் சாலை நண்பருக்கு: உங்கள் வண்டி சூடாகவில்லை என்பதை மறுக்கவில்லை. அது சரியான சூட்டுக்கு வருவதேயில்லை என்பதுதான் குறை. பெட்ரோல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றவைத்து, விரைவாக வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவது அதன் பணி. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணினிப் பெட்டி தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று அது நினைத்தால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். மைலேஜ் குறைவதும், பிஸ்டன் ரிங் தேய்வதும் மெல்ல நடப்பதால் யாரும் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்வதில்லை. தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் வண்டி சூடாகும், உண்மை. அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட். பழையதை நம்பமுடியாவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, எப்போது வாய் திறக்கிறது என்று சமையல் அறையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டைவாசி

அனைவருக்கும் நன்றி. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே வெட்கமாக இருக்கிறது: ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் மூன்று மாதமாக ஒரே கோட்டில்தான் நிற்கிறது. அதை நல்ல அறிகுறி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் பொறுமையாகப் பார்த்தேன். மூடியைக் கவிழ்த்தபோது ரப்பர் வளையத்தில் ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு ஆழமான பள்ளமாகப் பதிந்திருந்தது. நகத்தால் கீறினால் கருப்புத் துகளாக வந்தது. நடுவில் உள்ள சின்ன வால்வை விரலால் இழுத்துப் பார்த்தேன். திரும்பிப் போய் அடைக்கவேண்டியது, இழுத்த இடத்திலேயே தொங்கிக்கொண்டு நின்றது. பாட்டிலுக்குப் போகும் குழாயை மெல்ல வளைத்தவுடன் ரேடியேட்டர் கழுத்தை ஒட்டிய இடத்தில் வெடிப்பு வாய் பிளந்தது. அதன் கீழே தகடு முழுதும் வெள்ளைக் கறை. மூன்று மாதமாகப் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றியவன் நான். ஒரு சாண் தள்ளி இருந்த கறையைப் பார்க்கவில்லை.

ஹெட் சோதனைகளையும் செய்தேன். முதலில் சில குமிழிகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. மேல் ஹோஸ் சூடு ஏறிய பின்புதான் மெல்ல இறுகியது. கால்மிதியின் அடியில் ஈரமில்லை. இடப்புறம் சொட்டியது ஏ.சி. தண்ணீரேதான், கையில் பிடித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. ஃபேன் உரிய நேரத்தில் ஓடி நிற்கிறது. பழைய மூடியில் இருந்த எண்ணையே பார்த்து 0.9 மூடியும், ஒரு முழம் குழாயும் வாங்கிப் போட்டுவிட்டேன். இத்துடன் முடிந்ததா?

பழைய பட்டறை

முடியவில்லை என்றே நினைக்கிறேன். கழுத்தருகே இருந்த கறை ஒரு பங்கைத்தான் விளக்குகிறது. அது மட்டுமல்ல: இத்தனை நாள் உங்கள் வண்டியில் அழுத்தமே நிற்கவில்லை. இப்போது முதல்முறையாக முழு அழுத்தம் நிற்கப்போகிறது. இருபது வயதான ஹோஸ், பிளாஸ்டிக் தொட்டி, பம்ப் சீல் ஆகியவற்றில் எது மிகவும் பலவீனமோ, அது இனிமேல்தான் வாயைத் திறக்கும். புதிய மூடி போட்டதால் ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. மூடி ஓட்டை போடவில்லை, இருந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

தென்பெண்ணைப் பாலத்தின் மேல் அது வெளிப்படுவதற்கு முன் நீங்களே வெளிப்படுத்திவிடுங்கள். ரேடியேட்டர் வேலை செய்யும் கடைகளில் கைப்பம்ப்பும் மீட்டரும் சேர்ந்த அழுத்தச் சோதனைக் கருவி இருக்கும். மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, குளிர்ந்த என்ஜினில் 0.9 வரை காற்றடித்து, கால் மணி நேரம் விட்டுவிடவேண்டும். முள் அசையாவிட்டால் நல்லது. இறங்கினால் எங்கோ கசிகிறது. என்ஜின் ஓடாததால் சூடும் இல்லை, விசிறிக் காற்றும் இல்லை. துளி ஆவியாகாமல் தன் இடத்தைத் தானே காட்டும். மூடியின் அச்சு அளவுக்கு மேல் அடிக்கவிடாதீர்கள். வேகமாகத் தெரியட்டும் என்று கூடுதலாக அடித்து, நன்றாக இருந்த ஹீட்டர் கோரை உடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

லாஸ்பேட்டைவாசி

நீங்கள் சொன்னபடியே நடந்தது, ஆனால் நான் சோதனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டேன். பத்து நாள் ஒரு சொட்டும் குறையவில்லை. பாட்டில் மட்டம் காலையில் இறங்குவதும் மாலையில் ஏறுவதுமாக, இருக்கவேண்டிய விதத்தில் இருந்தது. பதினோராம் நாள் ஆல்பேட்டையைத் தாண்டி மஞ்சக்குப்பத்தில் அலுவலக வாசலில் நிறுத்தி, பையை எடுக்கத் திரும்பி வந்தபோது முன்சக்கரத்தருகே உள்ளங்கை அளவுக்குப் பச்சை ஈரம். இந்த முறை விரலில் வழுக்கியது.

மாலையில் காத்திருந்து, குளிர்ந்த வண்டியில் நிரப்பிக்கொண்டு, ஏ.சி. இல்லாமல் முள்ளைப் பார்த்தபடியே திரும்பினேன். தவளக்குப்பத்தில் ஒரு முறை நிறுத்திப் பார்த்தேன், பிரச்சினை இல்லை. மறுநாள் காலையில் ரேடியேட்டர் கடையில் அழுத்தச் சோதனை. 0.9இல் நிறுத்திய முள் பத்து நிமிடத்தில் 0.6க்கு வந்துவிட்டது. ரேடியேட்டர் மடிப்பில் ஈரமில்லை, ஹோஸ்களிலும் இல்லை. கடைக்காரர் கீழே படுத்து டார்ச் அடித்துவிட்டு என்னையும் படுக்கச் சொன்னார். வாட்டர் பம்ப்பின் அடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை. அதன் உதட்டில் ஒரு துளி பெருத்து, கொஞ்ச நேரம் தொங்கி, விழுந்தது. பிறகு அடுத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்கென்றே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள் என்றார். சில பேர் அதை எபோக்ஸி பசையால் அடைத்துக்கொண்டு வந்து, பேரிங் நொறுங்கிய பிறகு அழுவார்களாம்.

என் வண்டியில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட், அதாவது என்ஜினின் வால்வுகளை இயக்கும் அதே பெல்ட். பெல்ட்டைக் கழற்றாமல் பம்ப்பைத் தொடமுடியாது என்பதால், பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றினோம். கழற்றும் கூலி ஒன்றுதான். வெளியே வந்த பம்ப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் தகட்டு இலைகள் கறையான் அரித்த ஓலைபோல ஓரமெல்லாம் தின்னப்பட்டு, இரண்டு இலைகள் பாதிதான் மிச்சம். தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. போர் தண்ணீரின் வேலை என்று கடைக்காரர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. வயதான மேல், கீழ் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிட்டேன். இப்போது எந்தக் கூலன்டை, எந்த அளவில் ஊற்றுவது என்பதில் குழப்பம். கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று அடுக்கியிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிப்பொருள்கள் வருகின்றன, வெவ்வேறு நிறத்தில் ஒரே பொருளும் வருகிறது. வண்டியின் கையேட்டில் என்ன வகை சொல்லியிருக்கிறது என்று பார்த்து, டப்பாவின் முதுகில் உள்ளதைப் படித்து வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்காமல், உள்ளே உள்ளதை முழுதும் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசி, பிறகு நிரப்புவது நல்லது.

அப்படியே ஊற்றும்படி கலந்து விற்பது ஒன்று, அடர்த்தியாக விற்பது ஒன்று. அடர்த்தியானதைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று நானே ஒரு காலத்தில் நினைத்தேன். உண்மை நேர்மாறானது: வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீர்தான் வல்லது, கூலன்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் அதில் பின்தங்கியது. கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது, அதனுடன் சேர்த்த மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. கையேட்டில் வேறு அளவு சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி கலப்பதே வழக்கம். கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும். நம் கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. வீட்டில் வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்ஜினுக்குள்ளும் அதையேதான் செய்யும்.

நிரப்பும்போது காற்று சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் என்ஜினை ஓடவிட்டு மெல்ல ஊற்றுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிட்டால் குமிழிகள் மேலே வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மீண்டும் நிரப்பி, மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் உள்ளே தண்ணீர் சரியாகச் சுற்றுகிறது என்று அறியலாம்.

வடித்த பழைய கூலன்டைத் தயவுசெய்து வாசலில் ஊற்றாதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாய்களும் பூனைகளும் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எங்கள் தெருப் பூனை ஒன்றை அப்படி இழந்தோம் என்பதால் சொல்கிறேன். மூடியுள்ள கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

லாஸ்பேட்டைவாசி

அவ்வாறே செய்தேன். அலசும்போது முதல் மூன்று வாளிகள் செம்மண் குழம்பாக வந்தன, ஆறாவதில்தான் தெளிந்தது. நான்கு வாரம் ஆகிறது. முதல் வாரத்தில் பாட்டிலில் ஒரு விரற்கடை குறைந்தது, அதன்பின் அசையவில்லை. நேற்று மாலை முருங்கப்பாக்கத்தில் ஏ.சி.யுடன் இருபது நிமிடம் நின்றேன், முள் நடுவைத் தாண்டவில்லை. முதலில் குறைந்த அந்த ஒரு விரற்கடையைப் பற்றிக் கவலைப்படவேண்டுமா?

பழைய பட்டறை

வேண்டாம். உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. பாட்டிலைக் குளிர்ந்த நிலையில் கோட்டுக்கு நிரப்பிவிட்டு, மாதம் ஒருமுறை அதையும், அதோடு மூடியைத் திறந்து ரேடியேட்டரின் வாயையும் பாருங்கள். இரண்டும் நிறைந்திருந்தால் பானெட்டை மூடிவிடலாம்.